அவருக்கு ஒரு ரசிகை இருந்தாள்

உங்கள் மகளும் இந்த மாதிரி வீடியோ செய்ய ஆசைப்படுகிறாள் என்று சொன்னீர்கள், மேடம். அவளுக்கு ஒன்று சொல்லுங்கள். எடுத்த எடுப்பில் ரொம்பப் பிடித்த பாட்டில் கை வைக்க வேண்டாம். எதையும் வெட்ட மனசு வராது. சுமாரான பாட்டு ஒன்றை எடுத்து, தாளம் விழும் இடத்தில் படத்தை மாற்றிப் பழகட்டும். கொஞ்ச நேரம் ஓடுகிற துண்டு ஒழுங்காக வந்தால் போதும். கை தானாகத் திருந்தும்.

எனக்கு அதைச் சொல்ல ஆளில்லை. முதல் வீடியோவே என் கணவர் பாடிய பாட்டுதான்.

அவர் பகலில் லிஃப்ட் பழுதுபார்ப்பார். வார இறுதியில் ஒரு இசைக்குழுவில் பாடுவார். கல்யாண மண்டபத்தில் ஓரமாக ஒரு மேடை போட்டிருப்பார்களே, அந்த மாதிரிக் குழு. சாப்பிடுகிறவர்கள் தலை நிமிர மாட்டார்கள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாது. நான் மருந்துக்கடையில் காலை வேலை பார்த்தேன். மதியம் வீட்டில் தனியாக இருப்பேன். குழுவின் யூடியூப் பக்கத்தில் கேட்பாரற்றுக் கிடந்த அவர் பாட்டுகளை எடுத்து, மழை, ரயில் ஜன்னல், ஆளில்லாத நாற்காலிகள் என்று படம் சேர்த்து, வேறு பெயரில் ஒரு சேனல் தொடங்கி ஏற்றினேன். மனைவி பெயரில் போட்டால் அதற்கு என்ன மதிப்பு?

டிரம்ஸ் வாசிப்பவர்தான் அதை அவருக்குக் காட்டியிருக்கிறார். அன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு வந்து எனக்கே போட்டுக் காட்டினார். "பாரேன், யாரோ ஒருத்தி. எந்த வரியில நான் கண்ண மூடுவேன்னுகூட அவளுக்குத் தெரிஞ்சிருக்கு."

எனக்கும் தெரியும் என்று நான் சொல்லவில்லை.

அவர் அவளுக்கு நன்றி எழுதினார். நான் பதில் எழுதினேன். அதன் பிறகு வீட்டில் வேறொரு மனிதர் இருந்தார். சட்டையை அவரே தேய்த்துக்கொண்டார். குளிக்கும்போது பாடினார். சாப்பிட உட்கார்ந்தால் அவள் பேச்சுதான். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது எனக்கு.

பிறகு தொண்டை கட்டியது. கட்டிய தொண்டை சரியாகவே இல்லை. டாக்டர் உள்ளிருந்து கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவைச் சொல்ல அவரே கூப்பிட்டபோது கணவர் ஒத்திகையில் இருந்தார். கைப்பேசியை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தார், நான்தான் எடுத்தேன். தொண்டையில் புற்று, ஆரம்ப நிலை, உடனே அறுவை செய்தால் ஆள் பிழைத்துக்கொள்வார், குரல் மட்டும் பழையபடி இருக்காது என்றார். நாளைக்கே கூட்டி வரச் சொன்னார். சரிங்க டாக்டர் என்றேன். நன்றியும் சொன்னேன்.

சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். அவர் வந்து, கைப்பேசியில் டாக்டரின் அழைப்பைப் பார்த்து, என்ன சொன்னார் என்று கேட்டார். வாயில் வேறு வந்தது. "ஒண்ணுமில்லையாம். பாடிப் பாடி வந்த புண்ணுதானாம்."

அவர் முன்னறைக்குப் போனார். நான் அடுப்படியில் இருந்தேன். என் கைப்பேசியில் அவளுக்கு ஒரு செய்தி வந்தது. "பயந்துட்டேங்க. உங்களுக்கு இனிமே பாட முடியாம போயிடுமோன்னு." பிழைப்போமா என்று அந்த மனிதர் பயப்படவே இல்லை, மேடம். அதைப் படித்த பிறகு நான் எப்படிச் சொல்வேன்?

டாக்டர் மறுபடி கூப்பிட்டபோது வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று சொல்லி, கணவர் கைப்பேசியில் அந்த எண்ணையே தடுத்துவைத்தேன். கடையிலிருந்து வலி மாத்திரை கொண்டு வந்து, பொடித்து, வெதுவெதுப்பான பாலில் கலந்து கொடுத்தேன். வலி தெரியாமல் பாடினார். ஒருமுறை தன்னால் முடியவில்லை, நிறுத்திவிடலாமா என்று அவளைக் கேட்டார். ஒரே ஒரு பாட்டு, அப்புறம் கேட்கவே மாட்டேன் என்று அவள் எழுதினாள். அடுத்த முறையும் அதையேதான் எழுதினாள். கடைசிப் பாட்டில் குரல் ஓரிடத்தில் உடையும். கைக்குட்டையில் ரத்தம் பார்த்தது அன்றுதான். நான் செய்ததிலேயே நல்ல வீடியோ அது. எத்தனையோ பேர் அழுததாக எழுதியிருந்தார்கள்.

என் நாத்தனார் ஊரிலிருந்து வந்து, அண்ணனைப் பார்த்த மாத்திரத்தில் வேறு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அங்கே கையை விரித்துவிட்டார்கள்.

கழுத்தில் குழாய் போட்டிருந்தது. பேச முடியாது. கட்டில் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அவர் தன் கைப்பேசியை எடுத்து மெதுவாக ஏதோ எழுதினார். என் மடியில் இருந்த பைக்குள் கைப்பேசி அதிர்ந்தது. அவர் பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி கைப்பேசியை எடுத்து ஒரே ஒருமுறை தட்டி அனுப்பினார். பை மறுபடி அதிர்ந்தது.

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் என் பக்கம் திரும்பவில்லை. பின்னால் பார்த்தேன். முதலில் 'மன்னிச்சுக்கோங்க, இனி பாட்டு இல்ல' என்று இருந்தது. இரண்டாவதில் வெறும் புள்ளி.

அவர் போன பிறகும் வீடு அமைதியாக இல்லை. பாட்டு தொடங்கும் முன் அவர் இழுக்கும் மூச்சை நான் எப்போதும் வெட்டிவிடுவேன். வெட்டியதை எறிய மனமில்லாமல் ஒரு ஃபைலில் போட்டு வைத்திருந்தேன். எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிட்டால் பக்கத்து அறையில் அவர் இருப்பதுபோல இருக்கிறது. ஆனால் எல்லாமே உள்ளே இழுத்த மூச்சு. வெளியே விட்டது ஒன்றுகூட இல்லை. கம்ப்யூட்டரை நிறுத்திய பிறகும் கேட்கிறது.

நாத்தனார் கொடுத்த புகாரில் பொய் இல்லை. டாக்டர் சொன்னதை மறைத்தது நான். மாத்திரை கொடுத்தது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இதையும் சேர்த்து எழுதுங்கள். நான் அவரை ஓய்வெடுக்கச் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன், கேட்கவில்லை. பாடச் சொன்னது அவள்தான்.