கொண்டல் நம் தாய்

சாமி, காப்பியில் சீனி கம்மியாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ரேஷனில் இந்த வாரம் இன்னும் போடவில்லை. கடலில் போன ஆறு பேருக்கும் கல் நடப்போகிறீர்கள், அதில் மிக்கேல் தண்டல் சொன்ன வரியைப் பொறிக்க வேண்டும், அது எந்தப் புத்தகத்தில் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டு வந்திருக்கிறீர்கள். இதைக் கேட்ட இரண்டாவது ஆள் நீங்கள். நான் தமிழ் வாத்தியார், ஆதாரம் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

நகரசபை மெம்பர் வெள்ளத்துரை அண்ணாச்சிக்கு மேடைப் பேச்சு எழுதிக் கொடுத்தது நான்தான். நான் எழுதியது நாலு பேர் காதில் விழ வேண்டும் என்ற ஆசை, வேறொன்றுமில்லை. சீக்கிரமே ஒன்றைக் கண்டுகொண்டேன். ஒரு நல்ல வாக்கியத்தை அண்ணாச்சி சொந்தமாகச் சொன்னால் கூட்டம் இருமும். அதையே செத்துப்போன பெரியவர் ஒருவர் சொன்னதாகச் சொன்னால் கைதட்டும். அதனால் என் வாக்கியங்களைப் பாண்டிய ராஜாக்களுக்கும் கிரேக்க ஞானிகளுக்கும் பங்கு வைத்துக் கொடுத்தேன். அவர்கள் எழுந்து வந்து மறுக்கவா போகிறார்கள்? எது அவர்கள் சொன்னது, எது நான் சொன்னது என்று அண்ணாச்சிக்கே தெரியாது.

நாற்பத்தாறாம் வருஷம் ஐப்பசியில் அரிசிக் கப்பல் வந்தது. நீங்கள் இந்தப் பங்குக்கோயிலுக்குப் புதிது. இங்கே கப்பல் அஞ்சு மைல் தள்ளித்தான் நிற்கும், தோணி போய்ச் சரக்கை இறக்கி வர வேண்டும். அன்றைக்கே துறைமுகத்தில் புயல் கொடி ஏற்றிவிட்டார்கள். தோணிக்காரர்கள் யாரும் அசையவில்லை. சனிக்கிழமைக்குள் ரேஷன் கடையில் அரிசி என்று அண்ணாச்சி மேடையில் வாக்குக் கொடுத்திருந்தார். கடை வாசலில் பொம்பளைகள் பையோடு காத்துக்கிடந்தது உண்மை. அவர்களை நினைத்துத்தான் எழுதினேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நான் சொன்னா அவனுவ கேக்க மாட்டானுவ, வாத்தியாரே. அவனுவ ஆளு ஒருத்தரு சொன்ன மாதிரி எழுதிக் குடும்," என்றார் அண்ணாச்சி.

மிக்கேல் தண்டல் ஞாபகத்துக்கு வந்தார். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவன். உலாந்தாக்காரன், அதான் டச்சுக்காரன், காலத்தில் புயலில் நாற்பது பேரைக் கரை சேர்த்தவர் என்று இன்றும் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். அவர் பேசியதாக ஒரு சொல்கூட எங்கும் எழுத்தில் இல்லை. எனக்கு அது வசதியாகப் போயிற்று. அரை மணி நேரத்தில் எழுதி முடித்தேன். 'கொண்டல் நம் தாய். தாய் எழுந்து வரும்போது தோணியைக் கட்டிப்போடுகிறவன் அவள் பிள்ளை இல்லை.'

நல்ல வாக்கியம், சாமி. அண்ணாச்சி கடற்கரையில் நின்று அதை இரண்டு தரம் சொன்னார். தோணிக்காரர்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டு கலைந்து போனார்கள்.

மறுநாள் மத்தியானம் இனிகோ தண்டல் பள்ளிக்கூடத்துக்கு வந்தான். அவன் மகள் பிலோமினா என் இரண்டாம் வகுப்பில் படித்தாள். அவனுக்கு எழுத்து தெரியாது, அவனுக்குத் தெரிந்த படிப்பாளி நான்தான். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"மிக்கேல் தண்டல் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரே, வாத்தியாரையா. கொண்டலைப் போயி தாயின்னு எங்க ஆளு சொல்லுவாரா? எங்களுக்கு அது எமன்லா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கடல் இல்லாத நாசரேத் ஊர்க்காரன், பனங்காட்டில் வளர்ந்தவன். கிழக்கேயிருந்து கொண்டல் காற்று அடித்தால் எங்கள் ஊரில் மழை. என் அம்மா அண்டா குண்டாவெல்லாம் முற்றத்தில் எடுத்து வைப்பாள். அதே காற்று ஐப்பசியில் கடலை என்ன பண்ணும் என்று நான் யோசிக்கவே இல்லை. காட்டுக்காரன் பேச்சைக் கடல்காரன் வாயில் வைத்துவிட்டேன். அத்தனை பேரில் இனிகோ ஒருத்தன்தான் என்னிடம் வந்து கேட்டான். எழுத்து தெரியாதவன் என்னைத் திருத்துவதா என்று எனக்குச் சுருக்கென்றது. நான் அடுத்துச் சொன்ன பொய்க்குக் காரணம் அவ்வளவுதான், சாமி. அதற்கு மேல் எனக்கும் அவனுக்கும் ஒரு பகையும் இல்லை.

"புஸ்தகத்துல இருக்கு, இனிகோ," என்றேன்.

எங்கே இருக்கிறது என்று கேட்டான். மேஜையில் கறுப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்று கிடந்தது. விரித்து ஒரு வரியில் விரலை வைத்து, கொண்டல் நம் தாய் என்று நிறுத்தி நிதானமாக வாசித்தேன். அவன் குனிந்து என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"அப்பம் நமக்குத்தான் தெரியல," என்று சொல்லிவிட்டுப் போனான்.

மற்ற தோணிகள் கிடந்த இடத்திலேயே கிடந்தன. இனிகோ மட்டும் அஞ்சு பேரைக் கூட்டிக்கொண்டு இறங்கினான். அரிசியை ஏற்றித் திரும்புகையில் கொண்டல் முற்றி, தோணி முயல்தீவுப் பாறையில் மோதிற்று. பலகைகள் கரை ஒதுங்கின, ஆட்கள் ஒதுங்கவில்லை. அண்ணாச்சி இரங்கல் கூட்டம் போட்டார். அதற்கும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். அதிலும் மிக்கேல் தண்டல் ஒரு வரி சொன்னார்.

அந்த வரி கல்லில் இருந்தே ஆக வேண்டும் என்று இனிகோவின் பெண்சாதி ஹில்டா உங்களிடம் பிடிவாதம் பிடித்திருப்பாள். போகாதீர் என்று அவள் மறித்தபோது, "புஸ்தகத்துல இருக்குளா, வாத்தியாரையா வாசிச்சுக் காட்டினாரு," என்று சொல்லிவிட்டுத்தான் அவன் இறங்கியிருக்கிறான். தெருவில் பார்த்தால் இன்றும் எனக்கு ஒதுங்கி வழிவிடுகிறாள். மண்ணை வாரித் தூற்றினால்கூடத் தேவலை. இரண்டு வருஷமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் அவனைப் போ என்று சொல்லவில்லை, வாசித்துத்தான் காட்டினேன் என்று தினமும் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு நாளாவது வயிறு அதை நம்ப வேண்டுமே.

புத்தகமும் பக்கமும் கேட்டீர்கள். இதோ இருக்கிறது அந்தக் கறுப்பு நோட்டு. இரண்டாம் வகுப்பு வருகைப் பதிவேடு, நவம்பர் மாதம், ஏழாவது வரி. என் விரல் இருந்த இடத்தில் 'இ. பிலோமினா' என்று எழுதியிருக்கிறது பாருங்கள். இ என்றால் இனிகோ. அவன் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது தன் பெயரைத்தான்.

மிக்கேல் தண்டல் பெயரைக் கல்லில் போடாதீர்கள். அந்த வரி என்னுடையது, அந்த ஆறு பேரைக் கொன்றவனும் நான்தான். ஹில்டாவிடம் சொல்ல எனக்கு வாய் வராது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், சாமி. என்ன சொல்ல வேண்டும் என்று இந்தத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன், நீங்கள் சொல்கிற மாதிரியே இருக்கும்.