முத்துச்செல்வி விசிட்டில் போனது குறித்து

என் பெயர் கனகலட்சுமி, வயது இருபத்து நான்கு, தகப்பனார் பெயர் சண்முகசுந்தரம். சொந்த ஊர் தென்காசி மாவட்டம், ஆலங்குளம் பக்கம். தற்போது வல்லம் வடகால் கிராமத்தில் ராஜாமணி என்பவரின் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, ஒரகடத்தில் மின்னணுப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், ஒப்பந்தக்காரர் மூலம், தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து வருகிறேன். பி.எஸ்சி. கணிதம் படித்திருக்கிறேன். தமிழும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரியும். இன்று பெண் காவல் உதவி ஆய்வாளர் என் அறைக்கு வந்து விசாரித்ததில் நான் சொன்னது பின்வருமாறு. வேலை செய்யும் இடத்து அடையாள அட்டையை அவர் கேட்டார். என்னிடம் இருப்பது விசிட்டர் அட்டை. அதைக் காட்டினேன்.

அது ஏன் என்று கேட்டதால் சொல்கிறேன். எங்கள் தொழிற்சாலையில் நிரந்தர ஊழியர்கள் கழுத்தில் நீல டேக்கும், பார்வையாளர்கள் மஞ்சள் டேக்கும் அணிய வேண்டும். ஒப்பந்தக்காரர் மூலம் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அட்டை அச்சாகி வரும்வரை மஞ்சள் டேக்கைக் கொடுத்து உள்ளே அனுப்புவார்கள். சிலருக்கு ஒரு மாதத்தில் அட்டை வரும், சிலருக்கு ஒரு வருடமும் ஆகும். எனக்கு இன்னும் வரவில்லை. அதிகாரிகள் யாராவது சோதனைக்கு வந்தால் மஞ்சள் டேக் போட்டவர்கள் லைனை விட்டு இறங்கி, கேன்டீனுக்குப் பின்னால் சுவர் ஓரமாக வரிசையில் நிற்க வேண்டும். அதிகாரிகள் போனதும், அல்லது அவர்களே அங்கு வந்துவிட்டால் அப்போதே, ஒப்பந்தக்காரரின் ஆள் வந்து “நம்ம ஆளுங்கதான்” என்று சொல்லித் திரும்ப அழைத்துப்போவார். அந்த ஆள் லோகேஷ். உள்ளூர்க்காரர். எங்களை வேனில் ஏற்றி இறக்குவதும் அவர்தான். நான் பார்த்தவரை அந்தச் சுவர் ஓரத்தில் அவர் யாரையும் விட்டுவிட்டு வந்ததில்லை.

முத்துச்செல்வி என்பவர் என்னுடன் இதே அறையில் இருந்தவர். சங்கரன்கோவில் பக்கம். என்னைவிட இரண்டு வயது இளையவர், என்னை அக்கா என்று கூப்பிடுவார். எங்கள் ஒப்பந்தக்காரர் யாரையும் இரண்டு வருடத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. அவளுக்கு அந்தக் காலம் தை மாதத்தில் முடிவதாக இருந்தது. வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். “ஊருக்குப் போனா வாசல்ல கோலம் போட விடுவாவக்கா, வாசலத் தாண்டத்தான் விடமாட்டாவ” என்று என்னிடம் சொன்னாள். ஐந்து வருடமாவது வெளிநாட்டில் இருந்து வேலை செய்ய வேண்டும் என்பது அவள் எண்ணம். மலேசியா என்றால் தமிழ் பேசி சமாளித்துக்கொள்ளலாம் என்றாள்.

அதன் பிறகு லோகேஷ், தனக்குத் தெரிந்த ஒருவர் குன்றத்தூரில் ஆபீஸ் வைத்துப் மலேசியாவின் பினாங்கில் உள்ள தொழிற்சாலைகளுக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னார். போவதற்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று வேலை விசா. அங்குள்ள கம்பெனி முதலில் அனுமதி வாங்கி அனுப்ப வேண்டும், இங்கே மருத்துவப் பரிசோதனை முடிய வேண்டும், பல மாதம் ஆகும், கிடைக்காமலும் போகலாம். மற்றொன்று விசிட். சுற்றிப் பார்க்கப் போகிறவராக ஒரு மாதத்துக்கு உள்ளே நுழைவது, அதற்கு இங்கே விசா எடுக்க வேண்டியதில்லை, வேலையில் சேர்ந்த பிறகு அங்கேயே வேலை விசாவாக மாற்றித் தருவார்கள் என்று அந்த ஆபீஸில் சொல்லியிருந்தார்கள்.

எது நல்லது என்று பார்த்துச் சொல்லும்படி முத்துச்செல்வி என்னைக் கேட்டாள். நான் அந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் இணையதளத்தைப் படித்தேன். விசிட்டில் நுழைகிறவர் அங்கே வேலை செய்யக் கூடாது, உள்ளே போன பிறகு வேலை விசாவாக மாற்றிக்கொள்ள முடியாது என்பது எனக்கு விளங்கியது. மறுநாள் ஷிப்ட் முடிந்து வேனை விட்டு இறங்கிய இடத்தில், லோகேஷும் அவளும் இருக்கும்போதே இதைச் சொன்னேன்.

அதற்கு லோகேஷ், “எல்லா எடத்துலயும் அப்டித்தாம்மா எழுதி வச்சிகினு இருப்பான். நம்ம கேட்டுல இன்னா எழுதிகீது? விசிட்டருங்க புரொடக்‌ஷன் ஏரியாவுக்குள்ள வரக்கூடாதுன்னு எழுதிகீது. நீ எங்க நின்னுகினு வந்த, லைப்ரரிம்மா?” என்றார். நான் படிப்பதால் என்னை அப்படிக் கூப்பிடுவார். அப்போது என் கழுத்தில் மஞ்சள் டேக் இருந்தது. முத்துச்செல்வி சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அறைக்கு வந்த பிறகு அவளிடம் மறுபடியும் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டே, “எக்கா, நீங்க எத்தன மாசமா மஞ்சள்ல நிக்கிய? ஒங்கள யாராவது வெளிய போன்னு சொன்னாவளா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். ஒரு நாடும் ஒரு தொழிற்சாலையும் ஒன்றல்ல என்று சொன்னேன். “ரெண்டுலயும் கேட்டு இருக்கு, செக்யூரிட்டி இருக்காவ. உள்ள போயிட்டா நம்மள வேலதான காப்பாத்தப் போவுது” என்றாள். வேலை விசாவுக்குக் காத்திருக்கச் சொன்னேன். எங்கே இருந்து காத்திருப்பது என்று கேட்டாள். இரண்டு வருடம் முடிந்தவர்களுக்கு இங்கே யாரும் வேலை தருவதில்லை, ஊரில் போய்க் காத்திருந்தால் தாலி கட்டிவிடுவார்கள் என்றாள். அன்று தன் அண்ணன் இசக்கிபாண்டியிடம் போனில் வேலை விசா என்றே சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

அதன் பிறகு தை மாதக் கடைசியில் லோகேஷ் அவளையும் என்னையும் தொழிற்சாலை வேனிலேயே விமான நிலையத்துக்கு அழைத்துப்போனார். சுற்றுலா போகிறவள் மாதிரி தெரிய வேண்டும் என்று அவள் கறுப்புக் கண்ணாடி வாங்கித் தலையில் மாட்டியிருந்தாள். வேன் குலுங்கும்போதெல்லாம் அது மூக்குக்கு இறங்கியது. “எத்தப் பாக்கப் போறன்னு கேட்டா இன்னா சொல்லுவ?” என்று லோகேஷ் கேட்டார். “கடலு” என்றாள். “நம்மூர்ல இல்லாத கடலா? கோயிலுன்னு சொல்லு, நம்புவான்” என்றார். அவள் செம்பரம்பாக்கம் தாண்டும்வரை கோயில் கோயில் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பினாங்கு போன பிறகு அடிக்கடி பேசினாள். இங்கே ஓடும் அதே மெஷின்தான் அங்கேயும் ஓடுகிறது, பாகங்களை எடுத்து வைக்கும் அதே இடுக்கிதான் என்றாள். விசா மாற்றுவதற்கு என்று சூப்பர்வைசர் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னாள். ஒரு மாதம் முடிந்து நான் கேட்டபோது, “மாத்திட்டு இருக்காவளாம்க்கா” என்றாள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு முறையும் அதையே சொன்னாள். நான் லோகேஷைக் கேட்டேன். அவர் குன்றத்தூர்க்காரருக்குப் போன் செய்தார், எடுக்கவில்லை. இருவரும் நேரில் போனோம். ஆபீஸ் ஷட்டர் இறக்கியிருந்தது. பக்கத்து மருந்துக் கடையில் விசாரித்ததில், காலி செய்துவிட்டுப் போய்விட்டார் என்றார்கள். லோகேஷ் அந்தப் படியில் உட்கார்ந்துவிட்டார். “அந்தாளு சொன்னத்த தானேம்மா நானும் சொன்னேன்” என்றார்.

அதன் பிறகு முத்துச்செல்வியின் போன் அணைந்திருந்தது. நான் இசக்கிபாண்டிக்குத் தகவல் சொன்னேன். அவர் ஊரிலிருந்து வந்து புகார் கொடுத்ததன் பேரில், நேற்று காலை லோகேஷைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப்போனார்கள்.

நேற்று மாலை எனக்கு வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது முத்துச்செல்வி. குடிவரவு அதிகாரிகளின் தடுப்பு முகாமில் இருப்பதாகவும், அங்கு வேலை செய்யும் தமிழ்ப் பெண் ஒருவர் தன் போனைக் கொடுத்திருப்பதாகவும் சொன்னாள். என்ன நடந்தது என்று கேட்டேன். “ஆபீசருங்க வந்தாவக்கா. எல்லாரும் பின் கேட்டு வழியா ஓடுனாவ. என்னையும் வா வான்னாவ. நான் ஓடல. கேன்டீனுக்குப் பின்னால போயி சுவத்து ஓரமா நின்னேன்” என்றாள். ஏன் ஓடவில்லை என்று நான் கேட்கவில்லை. அவளே, “யாரும் வரலக்கா” என்றாள். அதன் பிறகு, “லோகேஷ் அண்ணன்ட்ட சொல்லுங்க. அவரு வந்து நம்ம ஆளுன்னு ஒரு வார்த்த சொன்னா விட்ருவாவ” என்றாள். சொல்கிறேன் என்றேன். லோகேஷ் இருக்கும் இடத்தை அவளிடம் சொல்லவில்லை. போனைத் திரும்பக் கேட்கும் குரல் கேட்டது, பிறகு பேச்சு நின்றது.

விசிட்டில்தான் போகிறோம் என்பது முத்துச்செல்விக்குத் தெரியுமா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். தெரியாது என்றால்தான் ஏமாற்றியதாக வழக்கு நிற்கும், தெரியும் என்றால் அவள் மீதும் தவறு வரும் என்று விளக்கினார். வாசலில் நின்றிருந்த இசக்கிபாண்டி, “தெரியாதுன்னு சொல்லிரு தங்கச்சி, ஒனக்குப் புண்ணியமாப் போவும்” என்றார். அவர் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. நான் யோசிக்க நேரம் கேட்டேன், கொடுத்தார்கள். விசிட் என்பது அவளுக்குத் தெரியும். நான் போட்டிருப்பது விசிட்டர் டேக் என்பது எனக்குத் தெரிவது போலத் தெரியும். அதைப் போட்டுக்கொண்டு நாளைக் காலை நான் வேலைக்குப் போவேன். இதை இப்படியே எழுதும்படி கேட்டேன். இது யாருக்கு உதவும் என்று எனக்குத் தெரியவில்லை.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். லோகேஷைப் பார்க்க வேண்டும் என்றேன். இப்போது பார்க்க முடியாது என்றார். இந்த வாக்குமூலத்தை அவருக்குப் படித்துக் காட்டுவார்களா என்று கேட்டேன். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் நகல் கொடுப்பார்கள் என்றார். எனவே இதையும் சேர்த்து எழுதச் சொன்னேன். முத்துச்செல்வி சுவர் ஓரமாக நின்றாள். லோகேஷ் அண்ணன் வந்து நம்ம ஆள் என்று சொல்ல வேண்டும் என்றாள்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஒரு சொல்லும் கூட்டவோ குறைக்கவோ இல்லை. நான் சொன்னதுதான், நடந்ததுதான்.

(ஒப்பம்)
ச. கனகலட்சுமி