எல்லைப் பலகையில் 212 பேர்

“மாப்புள கீற ஊருல மொத்தமே எரநூத்திப் பன்னெண்டு பேருதானாம்க்கா. ஊரு எல்லையில போர்டே வச்சிகீறாங்க.”

மின்சார ரயில் நெமிலிச்சேரி தாண்டியதும், வரன் கொண்டுவந்தவள் போட்டோவை எடுத்துப் பெண்ணின் தாயிடம் நீட்டினாள். போர்டில் சாய்ந்தபடி மாப்பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தார்.

“அமெரிக்காவுலயா? நம்ம தெருவே அத்தவிடப் பெருசாச்சே.”

“ஒரே தெரு, ஒரு ஆறு, சுத்தி சோளக்காடு.”

“நாத்து நட்டது போதும்னு நான் கம்பெனிக்கு வந்தேன். என் பொண்ணு பிளேன் ஏறி சோளக்காட்டுக்குப் போவணுமா?”

“அவுரு இன்னா களையா புடுங்குறாரு? பக்கத்து டவுன்ல இன்ஜினீரா கீறாருக்கா.”

“சரி, இந்த எரநூத்திப் பன்னெண்டுல மாப்புள உண்டா?”

“இல்லக்கா. பத்து வருசத்துக்கு ஒருதபாதான் ஆள எண்ணி போர்ட மாத்துவாங்களாம். இவுரு அதுக்கப்புறம் போனவரு.”

“ரேஷன் கார்டுல பேரு ஏறாதவனுக்கு இங்க யாரு பொண்ணு குடுப்பா? மொதல்ல அவுரு போர்டுல ஏறட்டும்.”

அதுவரை ஜன்னலோரம் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த பெண், தலையைத் திருப்பாமல் சொன்னாள்:

“அவுரு ஒருத்தருக்காவ எதுக்கும்மா அழிச்சு எழுதணும்? பத்து வருசம் கீதில்ல, ஒரேடியா அஞ்சாறு பேராச் சேத்து எழுதிக்கட்டும்.”