ஹேர் டீக்மானின் கடைசி ஏற்றம்

நேற்றிரவு இங்கே மறியலில் தந்த பாணில் ஒரு துண்டைக் காலைக்கென்று எடுத்து வைத்திருந்தேன். உங்கள் ஆள் அதைக் குப்பையில் போட்டுவிட்டார். குறையாகச் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது. நாளைக்கென்று எடுத்து வைத்ததில் கை வைக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அப்பா மன்னாரில் உப்பு மூட்டை தூக்கினவர். மீசை முளைக்க முன்னமே நானும் தூக்கினேன். பாண் என்றால் ப்ரெட், பார்கவி. சென்னைப் பிள்ளைக்கு எங்கள் தமிழை ஜேர்மனில் சொல்வது கஷ்டம்தான். மெதுவாகவே சொல்கிறேன், பொலிஸ் அம்மாவும் ஆறுதலாக எழுதட்டும்.

என் பெயர் இராயப்பு. பீலெஃபெல்டில் இரும்பு வார்க்கும் ஆலையில் மண் அள்ளினேன். ஆலையை மூடியபின் வீட்டில் சும்மா இருக்க ஏலாமல் ஹேர் டீக்மானின், அதாவது டீக்மான் ஐயாவின், ரயிலுக்குப் போனேன். அது அவருடைய சொந்த ரயில். ஒரு காலத்தில் காட்டுக்குள்ளிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றிய ஒடுங்கிய பாதை. பற்றைக்குள் மறைந்து கிடந்த தண்டவாளத்தை அவர் அரை ஆயுளைச் செலவழித்துத் தோண்டி எடுத்தார். எஞ்சின் போலந்தில் ஒரு செங்கற்சூளைக்குப் பின்னால் கோழிக்கூடாக இருந்தது. உள்ளே ஒட்டியிருந்த எச்சத்தைச் சுரண்டியது நான்தான்.

அவரோடு தொடங்கிய ஜேர்மன்காரருக்கெல்லாம் இப்போது முழங்கால் மாற்றியாயிற்று, இடுப்பு மாற்றியாயிற்று. கடைசியில் எஞ்சினில் நின்றவர்கள் இரண்டு பேர். நகரத்தில் பஸ் ஓட்டி ஓய்வெடுத்த உருத்திரமூர்த்தி ஓட்டுவார். நான் அடுப்பைப் பார்ப்பேன். மனைவி வெரோனிக்காவுக்கு இது பிடிக்கவில்லை.

"ஊரில உப்பு, இஞ்ச மண், இப்ப கரி. உங்களுக்கு ஒருநாளாவது கை கழுவ மனமில்லையோ?" என்பாள்.

அவள் தம்பி ஜூலியன் இன்னும் மோசம். கோவில் மண்டபத்தில் எல்லோரும் கேட்கும்படி, "அத்தான், அந்த விளையாட்டு ரயில் ஏற்றம் ஏறுமோ, இல்லாட்டி நாங்கள் இறங்கித் தள்ளோணுமோ?" என்று கேட்பான். எங்கள் தேவாலயப் பங்குச்சனம் முழுவதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு ரயிலேற வரச்சொன்னேன். அவ்வளவுதான். அது இந்த ஞாயிறு.

ஹேர் டீக்மான் போன கிழமை ஆஸ்பத்திரியில் காலமானார். அவருடைய மனைவி எரிப்பதைத்தான் விரும்பினார். கல்லறையென்றால் பூக்கன்று வைக்க வேண்டும், தண்ணீர் ஊற்ற வேண்டும், அவருக்கும் இடுப்பு. ஆனால் ஹேர் டீக்மான் என் கையைப் பிடித்து, தன்னை எரிக்க விடவேண்டாம், தன் ரயிலிலேயே ஏற்றத்தின் மேலுள்ள சேமக்காலைக் கல்லறைக்குக் கொண்டுபோய் மண்ணில் வைக்க வேண்டும் என்று கேட்டார். நான் வாக்குக் கொடுத்தேன். மனைவியிடமும் பேசிச் சம்மதிக்க வைத்தேன். நான் வாக்கு மாறுகிறவன் இல்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

சவப்பெட்டியை நானே செய்தேன், பாதையில் முதன்முதல் ஓடிய ரயில்பெட்டியின் பழைய பலகைகளில். எண்ணெய் ஊறிய நல்ல மரம்.

இந்த நாளில் நல்ல கரி கிடைப்பதில்லை. இந்த நாட்டுச் சுரங்கங்களை மூடிவிட்டார்கள், போலந்துக்காரன் தொலைபேசியை எடுப்பதில்லை. ஆகவே புதன்கிழமைச் செத்தவீட்டுப் பயணத்தை விறகிலேயே ஓட்டுவது என்று முடிவெடுத்தேன். எஞ்சினின் இடப்பக்கத் தொட்டி நிறைய பீர்ச் விறகு அடுக்கினேன். வலப்பக்கத் தொட்டி தார்ப்பாய்ப் படங்கு போட்டுக் கட்டியிருந்தது. அதன்மேல் உருத்திரமூர்த்தி தன்னுடைய தேநீர்ப் போத்தலை வைத்தார்.

பிழை விறகில்தான். கொட்டகை ஒழுகியதை நான் கவனிக்கவில்லை. ஈரமாக இருந்தது.

எஞ்சினுக்குப் பின்னால் திறந்த வண்டி, அதில் சவப்பெட்டி. அதற்குப் பின்னால் ரயில்பெட்டியில் அவர் மனைவியும் பாதிரியாரும் சொந்தக்காரரும். அந்தப் பெட்டியின் முன்பக்கச் சன்னலில் துக்கத்துக்காகக் கறுப்புத் துணி கட்டியிருந்தோம். பாதை நெடுக மற்ற ரயில் சங்கத்துக்காரர் கமராவோடு நின்றார்கள். ஹேர் டீக்மானின் எஞ்சின் ஏற்றத்தில் நிற்கும் என்று வருஷக்கணக்காகப் பேசிய ஆட்கள் அவர்கள். மனிதர் அந்தப் பேச்சுக்குப் பயந்தே மெலிந்தார். அவருடைய கடைசிப் பயணத்தில் அது நடக்க விடுவேனா?

ஏற்றத்தின் பாதியில் உருத்திரமூர்த்தி சொன்னார்:

"அண்ணை, நீராவி முள் விழுது."

"தெரியும்."

"நிண்டமெண்டால் படம் பிடிச்சுப் போடுவாங்கள். செத்தும் மானம் போகும் மனுசனுக்கு."

முதலில் என் குந்தும் பலகையைப் போட்டேன். பிறகு கொடிக்கம்பு. பிறகு மலர்வளையம் சாத்திய மரக்கால்கள். மலர்வளையத்தை எரிக்கவில்லை. அது ஈரம், மேலும் அதைப் போடுவது மரியாதையும் இல்லை. நடக்கிற வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தோம், திறந்த வண்டிக்குக் கால் எட்டிப் போடலாம். நான் போய் மூடியைக் கழற்றினேன். மூடி இல்லாவிட்டாலும் சவப்பெட்டி சவப்பெட்டிதான். முள் கொஞ்சம் ஏறியது. பிறகு பக்கப் பலகைகள். அவை போனபின் அது ஒரு கட்டில் மாதிரி இருந்தது. கட்டில் மரம்தானே.

அடிப்பலகையும் முடிந்தபோது ஹேர் டீக்மான் கறுப்புக் கோட்டோடும் ரயில்காரத் தொப்பியோடும் வெறும் தகரத்தில் கிடந்தார். முன்னால் பெரிய வளைவு. அங்கேதான் கமராக்காரர் அதிகம். அந்தக் கோலத்தில் அவரைப் படம் பிடிக்க விட எனக்கு மனம் வரவில்லை. யாராயிருந்தாலும் வராது.

எஞ்சின் சின்னது, அடுப்புக் கதவும் சின்னது. அவரும் கடைசிக் காலத்தில் மெலிந்துதான் இருந்தார்.

"இப்ப நல்லா இழுக்குது. என்ன போட்டனியள்?" என்று உருத்திரமூர்த்தி கேட்டார்.

"டீக்மானை."

அவர் விசிலை ஒருமுறை இழுத்தார். பிறகு, "எங்கட ஆக்களெண்டால் எப்பிடியும் எரிக்கிறதுதானே, அண்ணை," என்றார்.

"அவர் என்னை மாதிரி வேதக்காரன், மூர்த்தி. மண்ணுக்குள்ள வைக்கச் சொன்னவர்."

"அப்ப சாம்பலைக் கவனமா வையுங்கோ."

விளையாட்டுப் பகிடி என்று நினைத்திருப்பார். அவர்மேல் குற்றமில்லை. ஓட்டுகிறவர் முன்னால்தான் பார்க்க வேண்டும், அவர் திரும்பவே இல்லை. இதையும் எழுதுங்கள்.

வளைவில் புகை கறுப்பாக, தடிப்பாக, நேரே மேலே போனது. கமராக்காரர் தொப்பியைக் கழற்றினார்கள். ஒருவர் அழுதார். இத்தனை வருஷத்தில் அந்த ஏற்றத்தை அவ்வளவு வடிவாக நாங்கள் ஏறியதில்லை.

மேலே தரிப்பிடத்தில் தீயணைப்புப் படைக்காரர் வெள்ளைக் கையுறையோடு நின்றார்கள், சவப்பெட்டி தூக்க. வண்டியில் மலர்வளையம் மட்டும் இருந்தது. பாதிரியார் வண்டிக்குக் கீழேயும் குனிந்து பார்த்தார். மனைவி வந்து அவர் எங்கே என்று என்னிடம் கேட்டார். முன்னால் இருக்கிறார் என்றேன். அவர் எப்போதும் எஞ்சினோடுதான் இருக்க விரும்பினார், அது மனைவிக்கும் தெரியும். ஆனாலும் மனைவி அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

நான் வாளிகளில் சாம்பலை அள்ளிக் குழிக்குள் கொட்டினேன், ஒரு பொட்டும் வெளியில் சிந்தாமல். மற்றவர்கள் மண் போடத் தயங்கியதால் மண்ணையும் நானே போட்டேன். அவர் கேட்டபடி மண்ணில் வைத்தாயிற்று. செத்தவரின் அமைதியைக் குலைத்தேன் என்று உங்கள் தாளில் இருப்பதாகப் பார்கவி சொல்கிறா. எஞ்சின் ஏற்றத்தில் நின்றிருந்தால்தான் அவர் அமைதி கெட்டிருக்கும்.

வலப்பக்கத் தொட்டியில் என்ன இருந்தது என்று பொலிஸ் அம்மா மறுபடியும் கேட்கிறா. மறைக்க ஒன்றுமில்லை. கரி. கண்ணாடி மாதிரிக் கறுத்த, முதல்தரக் கரி, விளிம்பு வரைக்கும். எங்கெல்லாமோ அலைந்து எடுத்தது. என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஏன் அதைப் போடவில்லை என்று கேட்டால் நான் என்ன சொல்வது, அது புதன்கிழமைக் கரி இல்லை.

இன்றைக்கு வெள்ளி. ஞாயிறு காலை பங்குச்சனம் வரும், ஜூலியனும் வருவான். நான் வர ஏலாதென்றால் பரவாயில்லை, உருத்திரமூர்த்தி யாரையாவது பிடிப்பார். பொலிஸ் அம்மாவின் ஆட்களிடம் மட்டும் இப்போதே சொல்லி வையுங்கள், பார்கவி: அந்தப் படங்கை ஒருவரும் அவிழ்க்கக் கூடாது. அது ஞாயிற்றுக்கிழமைக்கென்று எடுத்து வைத்தது.