முற்றுப்புள்ளியில் நிற்காத குரல்

— கையை ஆட்டாத அண்ணா. காலர் சரியா நிக்கல.

— இடுப்புக்கு மேலதான்டி தெரியும். அவங்க கம்ப்யூட்டர்ல என் மூஞ்சியப் பாக்கப் போறாங்களா, காலரையா?

— காலரும் இடுப்புக்கு மேலதான் இருக்கு.

— ...சரி.

— கீழ என்ன, அரை டிராயரா?

— அது என் சொந்த விஷயம்.

— வேலைக்கு ஆள் எடுக்கறவங்க, கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்கன்னு சொன்னா?

— அப்படிப்பட்ட வேலையே வேணாம்னு சொல்லிடுவேன். தள்ளு, சட்டை கசங்குது.

— இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. ஒரு தடவ சொல்லிப் பாரு. உங்களப் பத்திச் சொல்லுங்கன்னு கேட்டா?

— பில் போடற மென்பொருள் செய்யற கம்பெனியில ஏழு வருஷம் இருந்தேன். மனைவி இறந்தப்புறம் வேலைய விட்டேன். அப்புறம் ஒரு வருஷம் ஒண்ணும் செய்யல.

— ஒண்ணும் செய்யலன்னு யாராவது சொல்லுவாங்களா?

— சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். வேற எப்படிச் சொல்றது, சுவர் ஆராய்ச்சின்னா?

— ...மேல சொல்லு.

— அப்புறம் வாசிப்பான்ல சேந்தேன். கண்ணு தெரியாதவங்களுக்குத் திரையில இருக்கறத வாசிச்சுக் காட்டற மென்பொருள். ஓப்பன் சோர்ஸ். சம்பளம் கிடையாது. யாரு வேணா உள்ள பாக்கலாம், யாரு வேணா சரி பண்ணி அனுப்பலாம். அதைப் பொறுப்பா பாத்துக்கறவங்கள்ல என் தங்கச்சியும் ஒருத்தி...

— தங்கச்சிய விடு.

— ஏன்?

— சிபாரிசு மாதிரி இருக்கும்.

— விட்டாச்சு. என் முதல் வேலை என்னன்னா, அது முற்றுப்புள்ளி வந்தா நிக்காம மூச்சு விடாம வாசிச்சுட்டே போச்சு. உங்க அண்ணி சண்டை போடற மாதிரி.

— ...அண்ணியப் பத்தி நீயா பேசி எவ்வளவு நாளாச்சு.

— பேசினேனா? ...சரி, அத நான்...

— அது வேணாம் அண்ணா.

— எது?

— அந்த முற்றுப்புள்ளி. ரொம்பச் சின்ன வேலை. அட்டவணைய வரிசை மாறாம வாசிக்க வெச்சியே போன மாசம், அதைச் சொல்லு. எத்தன பேர் பாராட்டினாங்க.

— முதல் வேலை எதுன்னு கேட்டா முதல் வேலையத்தான சொல்லணும்?

— கேக்க மாட்டாங்க.

— மெயில்லயே போட்டிருக்காங்க. நீங்க முதல்ல சரி பண்ணின தப்பப் பத்திப் பேசத் தயாரா வாங்கன்னு.

— ...போட்டிருக்காங்களா?

— ஏன்டி மூஞ்சி இப்படிப் போகுது? வேலைக்குப் போகப் போறது நீயா நானா?

— அண்ணா... புதுசா வரவங்களுக்குன்னு சுலபமான தப்பையெல்லாம் நாங்க சரி பண்ணாம ஒதுக்கி வைப்போம். தெரியுமில்ல?

— தெரியும், கை பழகட்டும்னு. இப்ப நானே ஒதுக்கி வைக்கறேனே.

— நீ ஒரு நாள் ஃபோன் போட்டு, சுலபமா ஏதாவது இருந்தா குடுன்னு கேட்ட. அண்ணி போனதுக்கப்புறம் நீயா வாய் தெறந்து கேட்டது அது ஒண்ணுதான்.

— ம்.

— உள்ள போயி பாத்தா ஒண்ணு கூட மிச்சமில்ல. ஏதோ காலேஜ் கூட்டம் வந்து மொத்தத்தையும் வழிச்சுட்டுப் போயிருச்சு. இருந்ததெல்லாம் எனக்கே பிடிபடாதது. அடுத்த வாரம் பாக்கலாம்னு சொல்லியிருந்தா...

— சொல்லியிருந்தா?

— நீ திரும்பக் கேட்டிருக்க மாட்ட.

— ...மாட்டேன்.

— அதனால, நல்லா ஓடிட்டிருந்த நிரல்ல ரெண்டு வரிய எடுத்துட்டேன். முற்றுப்புள்ளியில நிறுத்தற வரி. எடுத்துட்டு, புதுசா வரவங்களுக்கான சுலபமான தப்புன்னு போட்டு உன்கிட்டக் குடுத்துட்டேன்.

— ...

— திட்டிடு. ஏதாவது பேசு அண்ணா. நீ சும்மா இருந்தா மறுபடி சுவத்தப் பாக்கறியோன்னு பயமா இருக்கு.

— இன்னும் வெளியிடாத பதிப்புலதான எடுத்த?

— ஆமா. நீ சரி பண்ணலன்னா நானே திருப்பி வெச்சிருப்பேன். ஆனாலும் தப்பு தப்புதான். எத்தனையோ பேர் நம்பி விட்ட இடம். இப்ப நீ அங்க பெருமையா சொல்லி, உன் தங்கச்சி ஒடச்சத நீ ஒட்டினியான்னு அவங்க கேட்டா... வர்ற வேலையும் போயிரும். என்னால.

— அப்படி நெனப்பாங்களா என்ன? பாக்கறவங்களுக்குக் கைதவறுன மாதிரிதான இருக்கும். அழகா, "தேவையில்லாத வரிகளை நீக்கினேன்"னு குறிப்பு வேற எழுதி வெச்சிருக்க.

— ...அந்தக் குறிப்ப நீ எப்ப பாத்த?

— அன்னிக்கே. தப்பத் தொடறதுக்கு முன்னாடி அது எப்ப, யாரால வந்துச்சுன்னு தேடிப் பாருங்கன்னு புதுசா வரவங்களுக்கு எழுதி வெச்சது யாரு? அதையும் நீதான எழுதின.

— அப்ப... தெரிஞ்சே...

— முதல்ல கவனக்குறைவுன்னு நெனச்சேன். ஆனா நீ அப்படிக் கவனம் தப்பற ஆளில்ல. உப்பு டப்பாவுக்கும் சர்க்கர டப்பாவுக்கும் பேர் எழுதி ஒட்டறவ.

— அப்ப வீட்டுக்கு வந்து வந்து, இது ஏன்டி நிக்க மாட்டேங்குது, எந்தப் பக்கம் தேடணும்னு என்னக் கேட்டதெல்லாம்?

— நீ ஆசையா சொல்லிக் குடுத்த. அதை ஏன் கெடுப்பானேன்.

— அடப்பாவி. உன்ன ஏமாத்திட்டேனேன்னு நான் எத்தன நாள் மனசுக்குள்ள புழுங்கினேன் தெரியுமா?

— தெரியும். அந்த நாள்லதான் எனக்குப் பிடிச்சதா சமைச்சுப் போட்ட. அதுவும் எனக்கு லாபம்.

— சிரிக்காத. இப்ப அவங்ககிட்ட என்ன சொல்லப் போற?

— உள்ளதத்தான். தங்கச்சி எடுத்தத நான் திருப்பி வெச்சேன். அதைக் கேட்டும் வேலை குடுத்தா குடுக்கட்டும். நீயும் உங்க குழுவுல சொல்லிடு.

— நேத்தே சொல்லிட்டேன்.

— ...என்ன சொன்னாங்க?

— கொஞ்ச நாளைக்கு நான் எதை மாத்தினாலும் இன்னொருத்தர் பாத்து சரின்னு சொல்லணுமாம். பரவால்ல. நீயே பாரேன்.

— நானா? உன்ன நம்பவே மாட்டேன். ஒவ்வொரு வரியையும் ரெண்டு தடவ பாப்பேன்.

— பாரு... மணியாச்சு, கூப்பிட்டுருவாங்க. ஒண்ணு மட்டும் சொல்லிட்டு உக்காரு அண்ணா. வேணும்னேதான் ஒடச்சேன்னு தெரிஞ்சும் எதுக்கு அதைக் கையில எடுத்த? கோவமே வரலயா?

— வருஷம் பூரா எல்லாரும் எனக்காக அழுதாங்கடி. நீ ஒருத்திதான் எனக்காகத் தப்பு பண்ணின. அந்தப் பதிப்பு வெளிய போறதுக்குள்ள நான் அந்தச் சுவத்த விட்டு எந்திரிக்கணுமா இல்லயா?