துடைக்காமல் விட்ட கட்டங்கள்

— உன் தலையில கொள்ளி வைக்க! இன்னொரு தடவை படிக்கிறேன், காதைத் திறந்து கேளு. "சர்க்கரை சரியாக உள்ளது." அப்புறம் ஒரு கேள்விக்குறி. அப்புறம், "ரத்த அணுக்கள் மிகக் குறைவு. இன்றே அட்மிட் ஆகவும்."

— சர்க்கரை சரியா இருக்குல்லக்கா?

— டேய்! காலையிலேர்ந்து அழுதிருக்கேன். உன் மாமாவை ஆபீஸ்லேர்ந்து வரவழைச்சு பீரோ சாவி இருக்கிற இடத்தைச் சொல்லிட்டேன். இருபது வருஷமா காப்பாத்தின இடம்! லேபுக்கு போன் பண்ணினா, "மெசேஜ் புரோகிராம் உங்க தம்பி எழுதினதும்மா"ங்கறான்.

— சொல்றேன், கத்தாதே. மெமரியில நானூறு பைட் ஒதுக்கியிருக்கேன். நானூறு கட்டம்னு வச்சுக்கோ. எல்லாருக்கும் அதே கட்டத்துலதான் மெசேஜ் எழுதும்.

— எழுதட்டும்.

— எழுதறது மெம்காப்பி. அறுபது பைட் கொடுத்தா அறுபது கட்டத்துலதான் எழுதும். மீதியைத் தொடாது. ரொம்ப ஒழுங்கான பிள்ளை.

— உன்னைவிட ஒழுங்குதான். தொடாத மீதியை எனக்கு எதுக்குடா அனுப்பினே?

— அனுப்பறப்ப நானூறும் சேர்ந்து போயிடுது. உன் மெசேஜ் சின்னது. முந்தினது பெருசு. அதோட வால் உன்னோடதுல ஒட்டிக்கிச்சு. ஒட்டின இடத்துல பாதியா வெட்டுப்பட்ட எழுத்துதான் அந்தக் கேள்விக்குறி.

— துடைக்கறதுக்கு ஒண்ணும் கிடையாதா உங்க ஊர்ல?

— இருக்கே, மெம்செட். மொத்தக் கட்டத்தையும் பூஜ்யமாக்கிடும். அதையும் போட்டிருக்கேன். காலையில புரோகிராம் தொடங்கறப்ப ஒரே ஒரு தடவை.

— ஒரு நாளைக்கு ஒரு தடவையா? என் சமையல்மேடையை நாலு தடவை துடைக்கிறேன்டா, படிக்காதவ!

— டெஸ்ட்ல ஒண்ணும் தெரியலக்கா. நூறு தடவை அனுப்பிப் பார்த்தேன். நூறும் "வணக்கம்"தான். எல்லாம் ஒரே நீளம், எங்கேர்ந்து வால் வரும்?

— சிரிக்காதே, அறைஞ்சிடுவேன். அப்போ இந்த அணுக்கள் என்னோடது இல்லையே?

— சத்தியமா இல்ல. உனக்கு முன்னாடி போன ஆளோடது.

— பாவி! அந்த ஆளுக்காவது ஒழுங்கா போச்சா?

— அவங்களுக்கு முழுசா போயிருக்கும். கவலைப்படாதே.

— எப்படிக் கவலைப்படாம இருக்கறது? இன்னிக்கே சேரணும்னு போட்டிருக்கு. யாரது?

— அதெல்லாம் சொல்லக்கூடாதுக்கா. அடுத்தவங்க உடம்பு விஷயம்.

— அடுத்தவங்க உடம்பை எனக்கு அனுப்பிட்டு நியாயம் பேசறியா? அவங்க அதைப் படிச்சாங்களான்னாவது பாருடா.

— ரிசல்ட் வந்தா படிக்காம இருப்பாங்களா யாராவது?

— நீ படிச்சியா? நேத்து நீயும்தானே ரத்தம் கொடுத்தே?

— காலையில ஏதோ வந்துச்சு. நான் எழுதின புரோகிராம் எனக்கு அனுப்பறதை நானே எதுக்குப் படிக்கணும்? "வணக்கம்"னு இருக்கும். நீ இழுத்துட்டுப் போனேன்னுதான் கையை நீட்டினேன், எனக்கென்ன கேடு? ரெண்டு மாசமா கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்.

— மெசேஜ் எந்த வரிசையில போகும்?

— ரத்தம் எடுத்த வரிசையில.

— டேய்.

— திட்டி முடிச்சாச்சுன்னு பார்த்தேன், மறுபடியுமா?

— ஊசிக்குப் பயந்துகிட்டு உன்னைத்தானேடா எனக்கு முன்னாடி தள்ளிவிட்டேன்.