சரியான பொருத்தம்

எனக்குத் தேநீரில் சர்க்கரை வேண்டாம். மற்றபடி வசதியாகவே இருக்கிறேன். கேளுங்கள், சொல்கிறேன்.

முதுகலை மாணவர்கள் ஆய்வேடு எழுத ஆளுக்கொரு வழிகாட்டி வேண்டும். முன்பெல்லாம் எங்கள் துறையில் அதற்கு அடிபிடிதான். சிபாரிசு, அழுகை, முகத்தூக்கல். நான்தான் ஒரு கணினி நிரல் எழுதினேன். மாணவர்கள் தங்கள் விருப்பத்தை வரிசைப்படுத்தித் தருவார்கள்; எந்தப் பொருத்தத்தில் மொத்தத் திருப்தி அதிகமோ, அதைக் கணினி எடுத்துக்கொள்ளும். யார் காலிலும் யாரும் விழ வேண்டியதில்லை.

ஒரே சிக்கல் கத்தரிக்கோல். மூத்த பேராசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. அவரிடம் முன்பு சிக்கிய ஒருவன் பேச்சையே நிறுத்திவிட்டான். அண்ணன் வந்து கூட்டிப்போனார். ஆனாலும் யாரையாவது அவரிடம் அனுப்பித்தானே ஆகவேண்டும்?

நீங்கள் விசாரிக்க வந்திருக்கும் அந்தப் பெண் கெட்டிக்காரி. கரும்பலகையில் நான் போட்ட நிரூபணத்தில் ஓட்டை இருப்பதை எழுந்து நின்று சொன்னாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். விருப்ப வரிசையில் என்னைக் கடைசியில் வைத்திருந்தாள், கத்தரிக்கோலுக்கும் கீழே. அது அவள் உரிமை.

கத்தரிக்கோலிடம் என்று முடிவு வந்ததும் என் அறைக்கு வந்தாள்.

"சார், அவர்கிட்ட என்னால தாக்குப்பிடிக்க முடியாது. மாத்திக் குடுங்க சார்."

"கணக்கு அப்படி வந்திருக்கும்மா. நான் கை வெச்சா மத்தவங்களுக்கு அநியாயம் இல்லையா?"

தலையாட்டினாள். நியாயம் என்றால் அவளுக்குச் சட்டென்று புரியும்.

பிறகு அடிக்கடி வந்தாள். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் இளைத்து வந்தாள். அவளுடைய அத்தியாயத்தை எல்லோர் முன்னாலும் அவர் குப்பைத்தொட்டியில் போட்ட அன்று, துறைத்தலைவரிடம் பேசுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பேசவில்லை. மறுநாள் காலை நூலகத்தின் பின்புறம் கிடந்தாள். அந்த மாடியின் உயரம் உங்களுக்கே தெரியும்.

அவளுடைய அப்பா என் தோளில் சாய்ந்து அழுதார். "நீங்க ஒருத்தர்தான் அவகிட்ட அன்பா பேசுவீங்களாம் சார். போன்ல சொல்லிட்டே இருப்பா." அழுது முடிக்கும்வரை அவரைத் தாங்கிக்கொண்டேன்.

எப்படியும் நிரலைத் திறந்து பார்ப்பீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். கணினி அவளை அவள் கேட்ட ஆசிரியையிடம்தான் அனுப்பியது. கத்தரிக்கோலிடம் போகவிருந்த பையனையும் அவளையும் இடம் மாற்றியது நான். என்ன நடக்கும் என்று தெரிந்தே மாற்றினேன். கோபத்தில் செய்தேன் என்று மட்டும் வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள். கோபம் இருந்திருந்தால் விரல் நடுங்கியிருக்கும்.